எண்பது பேருக்கு நடுவே ஒரு வயலின்: அது எப்படிக் கேட்கிறது?

மெதுநடை எழுதியது:

புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவர் முழு சிம்பொனி இசைக்குழுவுடன் பிராம்ஸின் டி மேஜர் கான்செர்டோவை (தனிக்கருவியும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்ததை அண்மையில் அரங்கில் நேரில் கேட்டேன். அவருடைய ஒலிப்பதிவுகளோடு நெடுநாள் பழக்கம் எனக்கு உண்டு. குழுவின் நீண்ட முன்னுரை முடிந்து அவர் ஆவேசமாக நுழையும் இடத்துக்காகக் காத்திருந்தேன். நுழைந்தார். ஆனால் பதிவுகளில் அறையை நிறைக்கும் அந்த ஒலி அரங்கில் ஒடுங்கிக் கேட்டது. சில இடங்களில், குறிப்பாகத் தாழ்ந்த தந்தியில் வாசித்தபோது, குழுவுக்குள் அமிழ்ந்தே போய்விட்டது. அருகில் இருந்தவர் இடைவேளையில், "வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. மாற்றுக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஒலிபெருக்கி இல்லாத அரங்கில், எண்பது பேர் வாசிக்கும்போது ஒரே ஒரு வயலின் எப்படித்தான் கேட்கிறது? அது யாருடைய வேலை? கலைஞருடையதா, கருவியுடையதா, நடத்துநருடையதா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஒலியலை எழுதியது:

முதலில் ஒலியியல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்; நாம் அஞ்சும் அளவுக்கு அது தனிக்கலைஞருக்கு எதிரானதன்று. ஒரே சுரத்தை ஒரே பலத்தில் வாசிக்கும் வயலின்களின் எண்ணிக்கை இரட்டிக்கும்போது ஒலி அளவு ஏறத்தாழ 3 டெசிபல் கூடுகிறது. ஆகவே 16 வயலின்கள் சேர்ந்தால் ஒன்றைவிட 12 டெசிபல்தான் கூடுதல். நம் செவி சுமார் 10 டெசிபல் ஏறினால்தான் "இரு மடங்கு உரக்க" என்று உணர்கிறது. அதாவது 16 பேர் அமர்ந்த முதல் வயலின் பிரிவு, தனியாக நிற்கும் ஒருவரைவிட இரு மடங்கைச் சற்றே தாண்டிய அளவில்தான் நம் காதில் விழுகிறது.

அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. 16 பேர் ஒன்றாக வாசிக்கும்போது அவர்களின் சுருதியும், விரல் அசைவும், வில் தொடங்கும் கணமும் இழையளவு வேறுபடுகின்றன. அந்த வேறுபாடுகள் சேர்ந்துதான் குழுவுக்கே உரிய மென்மையான, விளிம்பு கலைந்த ஒலி உருவாகிறது. தனி வயலினுக்கோ தெளிவான தொடக்கமும், தனக்கென ஒரே விப்ராட்டோவும் (விரல் அசைவால் வரும் சுர நடுக்கம்) உண்டு. செவி அந்த ஒழுங்கைப் பற்றிக்கொண்டு பின்தொடர்கிறது. மேலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நம் செவி மிகக் கூர்மையானது. நல்ல வயலினின் மேற்சுரங்கள், அதாவது ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்தொலிக்கும் உயர்ந்த துணைச்சுரங்கள், அங்கேதான் வலுவாக இருக்கின்றன.

தாழ்ந்த ஜி தந்தி அமிழ்ந்ததாகச் சொன்னீர்கள். அது இயற்கை. அந்தத் தந்தியின் அடிச்சுரம் 196 ஹெர்ட்ஸ். வயலின் பெட்டிக்குள் உள்ள காற்றின் முதல் ஒத்ததிர்வோ 270 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் வருகிறது. ஆகவே அந்தத் தந்தியின் அடிச்சுரத்தைப் பெட்டி வலுவாக வெளியிடுவதேயில்லை. மேற்சுரங்களைக் கொண்டு நம் மூளைதான் அதைக் கட்டி எழுப்புகிறது. ஹார்ன்களும் செல்லோக்களும் அதே பகுதியில் ஒலித்தால் அந்தக் கட்டுமானம் சரிந்துவிடுகிறது.

---

செவிச்செல்வன் எழுதியது:

கணக்கெல்லாம் சரி. ஆனால் கருவியை மறந்துவிட்டீர்களே! கிரமோனா நகரத்து ஸ்ட்ராடிவாரியும் குவார்னேரியும் செய்த வயலின்களுக்காகக் கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார்களே, வெறும் பெருமைக்காகவா? பகானினி தன் குவார்னேரி வயலினுக்குப் "பீரங்கி" என்றே பெயர் வைத்திருந்தார். 1743-இல் செய்யப்பட்ட அந்தக் கருவி இன்றும் ஜெனோவா நகரில் பாதுகாக்கப்படுகிறது. காதருகே மெல்லியதாகக் கேட்கும் பழைய வயலின், அரங்கின் கடைசி வரிசை வரை போய்ச் சேரும் என்று பெரிய கலைஞர்கள் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் அனைவரும் மாயையில் இருக்கிறார்கள் என்று கூற எனக்குத் துணிவில்லை.

---

ஒலியலை எழுதியது:

துணிவு தேவையில்லை, நண்பரே, சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஒலியியல் ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் வயலின் செய்பவரான ஜோசப் கர்ட்டினும் தம் குழுவினருடன் 2010-இல் இண்டியானாபோலிஸிலும், 2012-இல் பாரிஸ் அருகிலும் சோதனைகள் நடத்தினார்கள். கருவி எதுவென்று தெரியாதபடி வாசிப்பவர்களின் கண்களுக்குக் கருப்புக் கண்ணாடி அணிவித்து, பழைய இத்தாலிய வயலின்களையும் புதியவற்றையும் கையில் கொடுத்தார்கள். பாரிஸ் சோதனையில் கலந்துகொண்ட 10 தனிக்கலைஞர்களாலும் எது பழையது, எது புதியது என்று ஊகத்தைத் தாண்டிப் பிரித்துச் சொல்ல இயலவில்லை. அரங்கில் அமர்ந்து கேட்டவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அதில் தொலைவுக்கு எடுபடுவதில் புதிய வயலின்களே முன்நின்றன.

இதனால் பழைய கருவிகள் மட்டமானவை என்று பொருளில்லை. வயலின் கலைஞர் கிறிஸ்டியன் டெட்ஸ்லாஃப் உலகின் முதன்மையான குழுக்களுடன் ஸ்டெஃபன் பீட்டர் கிரைனர் செய்த இக்கால வயலினைத்தான் வாசிக்கிறார்; அவர் வாசிப்பு கேட்கவில்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

---

இரண்டாம் மேசை எழுதியது:

சிம்பொனி குழு ஒன்றில் நெடுங்காலம் இரண்டாம் வயலின் பிரிவில் அமர்ந்து வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தனி வயலின் கேட்பதற்கான ஏற்பாடுகளில் பெரும்பகுதி கலைஞர் அரங்குக்குள் கால் வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இசையமைப்பாளரின் மேசையில் முடிகிறது.

எந்தக் கருவிகளைச் சேர்க்கவில்லை என்று பாருங்கள். பிராம்ஸின் வயலின் கான்செர்டோவில் டிராம்போன் என்னும் உரத்த பித்தளைக்குழல் கிடையாது, சாய்கோவ்ஸ்கியினுடையதிலும் கிடையாது. ஷோஸ்தகோவிச் தம் முதல் வயலின் கான்செர்டோவில் டிரம்பெட், டிராம்போன் இரண்டையுமே விலக்கிவிட்டு, நான்கு ஹார்ன்களையும் ஒரு டூபாவையும் மட்டும் வைத்துக்கொண்டார். அந்தப் படைப்பின் இருண்ட நிறத்துக்கு இதுவும் ஒரு காரணம். அதே முடிவுதான் வயலினுக்கு மூச்சுவிட இடமும் தருகிறது. சிபேலியஸ் டிராம்போன்களைச் சேர்த்துக்கொண்டவர்தான். ஆனால் அவருடைய கான்செர்டோ எப்படித் தொடங்குகிறது? ஒலியடக்கி மாட்டிய வயலின்கள் பல பிரிவாகப் பிரிந்து, கேட்கிறதா இல்லையா என்ற அளவில் அசைந்துகொண்டிருக்க, அவற்றின் மேல் தனி வயலின் தன் நீண்ட வரியைத் தொடங்குகிறது. அங்கே கலைஞர் மெல்லிய ஒலியில் வாசித்தாலும் அரங்கு முழுவதும் கேட்கும். குழு பேரொலி எழுப்பும் இடங்களிலோ கலைஞர் பெரும்பாலும் வில்லைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார். இருவரும் ஒரே நேரத்தில் முழுப் பலத்துடன் வாசிப்பது கான்செர்டோவில் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

பீத்தோவனின் கான்செர்டோவில், 1806-இல் எழுதியது, எனக்கு மிகவும் பிடித்த இடத்தைச் சொல்கிறேன். முதல் பகுதியில் கடென்சா (குழு நிற்க, கலைஞர் தனியே வாசிக்கும் இடம்) முடிந்தபின் எந்த இசையமைப்பாளரும் குழுவை முழங்கவிட்டு முடித்திருப்பார். அவரோ இரண்டாவது கருப்பொருளை வயலினின் தாழ்ந்த இரு தந்திகளில் மெல்ல வாசிக்கச் சொல்கிறார். ஜி தந்தி எளிதில் அமிழ்ந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும். எனவே குழுவின் தந்திக்கருவிகளை வில்லைத் தொடவிடாமல் விரலால் மீட்டச் செய்கிறார். மீட்டிய ஒலி எழுந்தவுடன் அடங்கிவிடுகிறது. இடையில் கிடைக்கும் வெளியில் அந்தத் தாழ்ந்த வரி தெளிவாக நடக்கிறது. நாங்கள் இருபது, முப்பது பேர் விரலால் மீட்டிக்கொண்டே அந்த வரியைக் கேட்போம். அந்த நேரத்தில் அரங்கில் யாராவது இருமினால் எங்களுக்கே கோபம் வரும்.

அடுத்தது நடத்துநரின் வேலை. சிம்பொனிக்கு 16 முதல் வயலின்களுடன் அமரும் குழு, கான்செர்டோவுக்கு 12 ஆகக் குறைவது வழக்கம். மற்றத் தந்திப் பிரிவுகளும் அதற்கேற்பக் குறையும். அப்படியும் போதாவிட்டால் ஒத்திகையில் பின்மேசைகளில், அதாவது பிரிவின் பின்வரிசைகளில், இருப்பவர்களைச் சில தாள அளவைகளுக்கு நிறுத்திவிடுவார்கள். இசைத்தாளில் "மெல்ல" என்று அச்சாகியிருக்கும் இடத்தில் பென்சிலால் "மிக மெல்ல" என்று திருத்தி எழுதிக்கொள்வோம். பழைய தாள்களைப் புரட்டினால் எங்களுக்கு முன்னால் வாசித்தவர்களின் பென்சில் குறிப்புகளும் அதே இடங்களில் இருக்கும்.

---

கடைசி வரிசை எழுதியது:

அப்படியானால் இசையமைப்பாளர் இடம் ஒதுக்குகிறார். நடத்துநர் குழுவை அடக்குகிறார். பின்மேசைக்காரர்கள் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனையும் செய்தபின் நடுவில் நிற்பவருக்கு மட்டும் மலர்க்கொத்தும், சுவரொட்டியில் பெரிய எழுத்தில் பெயரும் எதற்கு? பீத்தோவன், மெண்டெல்சன், பிராம்ஸ், சாய்கோவ்ஸ்கி, சிபேலியஸ், புரூக் என்று அரை டஜன் கான்செர்டோக்களையே ஆண்டாண்டு காலமாகச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார்கள். இந்தப் புகழ் ஒலிப்பதிவு நிறுவனங்கள் ஊதிப் பெருக்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது. மெதுநடை அவர்களின் ஏமாற்றத்துக்கும் அதுவே காரணம். ஒலிப்பதிவில் கலைஞருக்கு அருகே மைக்கை வைத்து அவரை எண்பது பேருக்கு ஈடாக்கிவிடுகிறார்கள். வயலின் கலைஞர் ஹைஃபெட்ஸின் பதிவுகளைக் கேளுங்கள்; வயலின் உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கும், குழு அடுத்த அறையில் இருக்கும்.

---

நான்காம் தந்தி எழுதியது:

ஹைஃபெட்ஸ் பதிவுகளின் சமநிலை பற்றிக் கூறியதை ஏற்கிறேன். ஆனால் அதை வைத்து வாசிப்பவரின் பங்கைத் தள்ளிவிட முடியாது. வயலின் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தொலைவுக்கு எடுபடும் ஒலியும் உரத்த ஒலியும் ஒன்றல்ல.

இளம் மாணவர் முதன்முறையாகக் குழுவின் முன் நிற்கும்போது செய்வது ஒன்றே: வில்லை அழுத்துவார். அழுத்தினால் தந்தியின் அதிர்வு நசுங்குகிறது. காதருகே பெரிதாகக் கேட்கும் அந்த ஒலி பத்தாவது வரிசைக்கு வரும்போது வெறும் கரகரப்பாகிவிடுகிறது. தேர்ந்தவர் வில் தொடும் இடத்தைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) மிக அருகே கொண்டுபோகிறார். அங்கே மேற்சுரங்கள் செழிக்கின்றன. ஆனால் வில்லின் வேகமும் பலமும் அணுவளவு பிசகினாலும் ஒலி கீறிவிடும். நீண்ட சுரத்தில் வில் நுனியை நோக்கிப் போகப்போக, தன் எடை குறைவதை ஆள்காட்டி விரல் ஈடுசெய்ய வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு வில் திரும்பியதே தெரியக் கூடாது. அரங்கு மாறினால் இவை அனைத்தும் மாறும். முற்பகல் ஒத்திகையில் வெற்று அரங்குக்குச் செய்த கணக்கை, மாலையில் ஆட்கள் நிறைந்த அரங்குக்கு வாசித்துக்கொண்டே திருத்திக்கொள்ள வேண்டும்.

அரை டஜன் கான்செர்டோ என்ற குறையும் முழு உண்மையன்று. அல்பன் பெர்க் 1935-இல் எழுதிய கான்செர்டோ, எல்கர் 1910-இல் எழுதியது, ஷோஸ்தகோவிச்சின் இரண்டு, புரோகோஃபியேவின் இரண்டு, பார்டோக் எல்லாம் இன்று வழக்கமாக மேடையேறுகின்றன. அவற்றுக்கு நுழைவுச்சீட்டு விற்பது கடினம் என்பது வேறு செய்தி.

---

இரண்டாம் மேசை எழுதியது:

கடைசி வரிசை அவர்களுக்கு: மலர்க்கொத்து எதற்கு என்ற உங்கள் கேள்வியை எங்கள் மேசைகளில் நாங்களும் கேட்டுக்கொள்வதுண்டு, சிலருக்கு அது தேவையற்றது என்றும் முடிவு செய்திருக்கிறோம். ஆனால் எல்லாருக்கும் அப்படியல்ல.

பீத்தோவன் கான்செர்டோவில் டிம்பனி என்னும் முரசின் ஐந்து மெல்லிய அடிகளுக்குப் பின் மூன்று நிமிடம் போலக் குழு மட்டுமே வாசிக்கிறது. கலைஞர் வயலினைக் கையில் பிடித்தபடி எல்லார் பார்வையிலும் நிற்க வேண்டும். விரல்கள் குளிர்ந்துபோகும். அதன்பின் அவர் வாசிக்க வேண்டியது ஒரு பாடலோ பெரிய கருப்பொருளோ அல்ல. உடைத்து எழுதிய எண்சுர (ஆக்டேவ்) இடைவெளிகளில் துணையின்றி மேலே ஏறும் வரி. சுருதி இழையளவு பிசகினாலும் அரங்கு முழுவதும் கேட்கும் இடம் அது. இந்த நிமிடங்களை வெவ்வேறு கலைஞர்கள் கழிக்கும் விதத்தைப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். சிலர் தரையைப் பார்த்து நிற்பார்கள். சிலர் முதல் வயலின்களோடு சேர்ந்து மெல்ல வாசித்து விரலைச் சூடாக்கிக்கொள்வார்கள். மிகச் சிலர் குழுவின் பக்கம் திரும்பி நின்று, எந்தக் கருவி எப்படி வாசிக்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பார்கள். இந்த மூன்றாம் வகையினர் நுழையும்போது அவர்கள் ஒலி ஏற்கெனவே எங்கள் ஒலிக்குள் இருந்ததுபோல இருக்கும். எண்பது பேரை மீறிக் கேட்பதற்கு அவர்கள் முயல்வதேயில்லை; எங்களுக்கு நடுவில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று அறிந்து அங்கே வந்து நிற்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மெண்டெல்சனின் இ மைனர் கான்செர்டோ 1845 மார்ச் 13 அன்று லைப்சிக் நகரில் ஃபெர்டினாண்ட் டேவிட் வாசிக்க அரங்கேறியது. அதில் கடென்சா வழக்கம்போல் பகுதியின் கடைசியில் வராமல் நடுவிலேயே வருகிறது. கடென்சாவின் இறுதியில் கலைஞரின் வில் தந்திகளின் மேல் துள்ளித் துள்ளி நான்கு தந்திகளையும் அளைகிறது. அந்தத் துள்ளல் நிற்பதற்குள் குழு முதல் கருப்பொருளுடன் மெல்ல உள்ளே வர வேண்டும். அந்த நொடியில் தனிக்கலைஞர் பக்கவாத்தியமாகிவிடுகிறார். பாட்டு எங்களிடம் வந்துவிடுகிறது. நடத்துநரின் கோலைப் பார்த்து மட்டும் அந்த இடத்தில் நுழைந்தால் தாமதமாகிவிடும். கலைஞரின் வில்லைப் பார்க்க வேண்டும். நல்ல கலைஞர் தோளைச் சற்றுத் திருப்பி வில்லை எங்களுக்குக் காட்டுவார். தன் சாகசத்தைப் பார்வையாளர்களுக்குக் காட்டுவதிலேயே மூழ்கிவிடுபவர் காட்டமாட்டார். அன்று அந்த இடம் தடுமாறும். மறுநாள் விமர்சனத்தில் பழி குழுவின் மேல் விழும்.

---

செவிச்செல்வன் எழுதியது:

இரண்டாம் மேசை அவர்கள் சொன்னதைக் கேட்டபின் கருவி பற்றிய வாதத்தை நான் அழுத்தப் போவதில்லை. ஆனால் கலைஞரின் பங்கில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. இந்தக் கான்செர்டோக்கள் நமக்குக் கிடைத்ததே கலைஞர்களால்தான்.

பீத்தோவனின் கான்செர்டோவை 1806 டிசம்பர் 23 அன்று வியன்னாவில் ஃபிரான்ஸ் கிளெமென்ட் வாசித்தார். அதன்பின் பல்லாண்டுகள் அதைப் பெரும்பாலோர் சீண்டவில்லை. 1844-இல் லண்டனில் மெண்டெல்சன் குழுவை நடத்த, யோசப் யோவாகிம் என்ற 12 வயதுச் சிறுவன் வாசித்தபின்தான் அது இன்றைய இடத்துக்கு ஏறத் தொடங்கியது. அதே யோவாகிம் வளர்ந்து, பிராம்ஸ் தம் கான்செர்டோவை எழுதும்போது வயலின் பகுதியைத் திருத்த யோசனைகள் சொன்னார். பிராம்ஸ் சிலவற்றை ஏற்றார், பலவற்றை ஏற்கவில்லை. 1879-ஆம் ஆண்டின் முதல் நாளில் லைப்சிக்கில் அதை வாசித்தவரும் அவரே. இன்றும் பெரும்பாலோர் வாசிப்பது அவர் எழுதிய கடென்சாவைத்தான்.

சாய்கோவ்ஸ்கியின் கான்செர்டோவை லெயோபோல்ட் அவுவர் முதலில் வாசிக்க மறுத்தார். 1881-இல் வியன்னாவில் அடோல்ஃப் பிராட்ஸ்கி வாசித்தார். விமர்சகர் ஹான்ஸ்லிக் அந்த இசை நாற்றமடிப்பதாகவே எழுதினார். பிராட்ஸ்கி அசரவில்லை, தொடர்ந்து வாசித்தார். சாய்கோவ்ஸ்கியும் படைப்பின் காணிக்கையை அவர் பெயருக்கு மாற்றினார். பிராட்ஸ்கி அன்று பின்வாங்கியிருந்தால்? இந்தக் கேள்வி மலர்க்கொத்துக்குப் போதாதா?

---

கடைசி வரிசை எழுதியது:

பிராட்ஸ்கிக்கு மலர்க்கொத்து தந்துவிடலாம். எதிர்த்தரப்புக்கும் ஒரு சான்று உண்டு. பிராம்ஸ் கான்செர்டோவின் இரண்டாம் பகுதியில் அழகான பாட்டை ஓபோ என்னும் ஊதுகுழல்தான் முழுதாக வாசிக்கிறது. வயலின் பின்னால்தான் வருகிறது. ஓபோ அந்தப் பாட்டை வாசிக்கும்போது வயலினைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்க என்னால் ஆகாது என்று வயலின் கலைஞர் சரசாட்டே அதை வாசிக்கவே மறுத்தாராம். புகழ்பெற்ற தனிக்கலைஞரின் மனநிலை இதுதான் என்று நான் சொன்னால் பொய்யாகாது.

---

நான்காம் தந்தி எழுதியது:

சரசாட்டேயின் கதை ருசியானதுதான். ஆனால் அவர் கைவிட்ட இடத்தில்தான் மற்றவர்கள் தம் தகுதியைக் காட்டுகிறார்கள். அந்தப் பகுதியில் ஓபோ முடித்த பாட்டை வயலின் அப்படியே திருப்பிச் சொல்வதில்லை. அதைக் கரைத்து அலங்கரித்து வேறொன்றாக்கிச் செல்கிறது. ஓபோ வாசித்தவர் எங்கே மூச்செடுத்தார், எந்தச் சுரத்தில் சற்றுத் தங்கினார் என்பதைக் கேட்டுக்கொண்டவர் வாசித்தால் அதன் தொடர்ச்சியாக வரும். கேளாதவர் வாசித்தால் இரண்டு தனித்தனி இசையாக நிற்கும். பல ஒலிப்பதிவுகளில் இந்த ஒரே இடத்தை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். யார் காது கொடுத்தவர் என்பது உடனே விளங்கிவிடும்.

உடல் உழைப்பையும் சொல்லிவிட வேண்டும். ஷோஸ்தகோவிச்சின் முதல் கான்செர்டோவில் மூன்றாம் பகுதியையும் நான்காம் பகுதியையும் ஒரு நீண்ட கடென்சா இணைக்கிறது. குழு மௌனமாக இருக்க, கலைஞர் ஐந்து நிமிடம் போலத் தனியே வாசித்துத் தன்னை உச்சிக்குக் கொண்டுபோகிறார். முதல் வடிவத்தில் அந்த வேகத்திலேயே இறுதிப் பகுதியையும் கலைஞரே தொடங்க வேண்டியிருந்தது. நெற்றி வியர்வையையாவது துடைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று வயலின் கலைஞர் டேவிட் ஒய்ஸ்ட்ராக் கேட்க, ஷோஸ்தகோவிச் அந்தத் தொடக்கத்தைக் குழுவுக்கு மாற்றிக் கொடுத்தார். 1955 அக்டோபரில் லெனின்கிராடில் மிராவின்ஸ்கி நடத்த ஒய்ஸ்ட்ராக் வாசித்தது அந்தத் திருத்திய வடிவத்தைத்தான். அதனால் அந்தப் பகுதி வலுப்பெற்றது என்பதே என் கருத்து. தனிக்குரல் ஓய்ந்த கணத்தில் குழு பாய்ந்து வருவது அத்தனை பொருத்தம்.

வயலின் கலைஞர் மெனுஹின் 1929-இல் பெர்லினில் புரூனோ வால்ட்டர் நடத்திய குழுவுடன் பாக், பீத்தோவன், பிராம்ஸ் என்று மூன்று கான்செர்டோக்களை ஒரே மாலையில் வாசித்தார். அப்போது அவருக்கு 13 வயது நிறையவில்லை. இன்று அப்படி ஒரு நிகழ்ச்சியை வைத்தால் பெரியவர்களே தயங்குவார்கள்.

---

இரண்டாம் மேசை எழுதியது:

குழுவுக்கும் கலைஞருக்கும் உள்ள உறவு எழுதிவைக்காத ஒரு மரபிலும் தெரியும். வாசிக்கும்போது கலைஞரின் தந்தி அறுந்தால், முதல் வயலின் பிரிவின் தலைவர் தம் வயலினை உடனே நீட்டிவிடுவார். 1986 ஜூலையில் டாங்கிள்வுட் விழாவில் பெர்ன்ஸ்டைன் தம் "செரினேட்" படைப்பைத் தாமே நடத்த, 14 வயது மிடோரி தனி வயலின் வாசித்தார். இ தந்தி அறுந்தது. தலைவரின் ஸ்ட்ராடிவாரியஸை வாங்கித் தொடர்ந்தார். அதிலும் இ தந்தி அறுந்தது. துணைத்தலைவரிடம் இருந்த குவாடக்னினி வயலினை வாங்கி முடித்தார். மூன்று வயலின்களும் அளவிலும் எடையிலும் குதிரையின் உயரத்திலும் ஒன்றுபோல் இருந்திருக்க முடியாது. தாடைத் தாங்கி மாறினாலே நமக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும்! அந்தச் சிறுமி இசை ஓட்டம் குலையாமல் வாசித்து முடித்தார். குழுவினரும் பெர்ன்ஸ்டைனும் அவரைத் தழுவிப் பாராட்டினார்கள்.

கருவியைப் பற்றிச் செவிச்செல்வன் அவர்கள் எழுப்பிய கேள்விக்கும் இதில் ஓரளவு விடை இருக்கிறது. மூன்று வெவ்வேறு கருவிகளிலும் கேட்டது ஒரே மிடோரிதான்.

---

ஒலியலை எழுதியது:

மெதுநடை அவர்களே, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய ஒன்று: அரங்கில் எங்கே அமர்ந்திருந்தீர்கள்?

---

மெதுநடை எழுதியது:

மேடைக்குப் பின்புறம், ஹார்ன்களுக்கு நேர் மேலே உள்ள வரிசையில். நடத்துநரின் முகம் நன்றாகத் தெரியும் என்பதாலும், சீட்டு மலிவு என்பதாலும் அதை எடுத்தேன். சிம்பொனிக்கு அந்த இடம் மிக நன்றாகத்தான் இருந்தது.

---

ஒலியலை எழுதியது:

அப்படியானால் கை தளர்ந்த கதையை மூட்டை கட்டிவிடலாம். வயலினின் தாழ்ந்த சுரங்கள் எல்லாப் பக்கமும் பரவுகின்றன. ஆனால் செவி பற்றிக்கொள்ளும் அந்த உயர் அதிர்வெண்கள் பெரும்பாலும் கருவியின் மேற்பலகை நோக்கும் திசையில்தான் செல்கின்றன. கலைஞர் நடத்துநருக்கு இடப்பக்கத்தில் நின்று மேற்பலகையை அவையை நோக்கிச் சாய்த்துப் பிடிப்பது அதற்காகவே. பின்புறம் அமர்ந்தவருக்கு அவருடைய முதுகுதான் கிடைக்கிறது. ஹார்னின் வாயோ பின்னோக்கித் திறந்திருக்கும். அது நேராக உங்களை நோக்கியே ஊதியிருக்கிறது. 1963-இல் திறக்கப்பட்ட பெர்லின் ஃபில்ஹார்மனி அரங்கைப் போல, மேடையைச் சுற்றி நாற்புறமும் இருக்கைகள் வைத்த அரங்குகள் அனைத்திலும் தனிக்கலைஞர் நிகழ்ச்சிக்கு இந்தச் சங்கடம் உண்டு. பியானோவுக்கும் பாடகருக்கும் இதைவிட மோசம்.

---

மெதுநடை எழுதியது:

மிக்க நன்றி. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. இரண்டாம் பகுதியில் ஓபோவுக்குப் பின் வயலின் நுழைந்தபோது, அதே இருக்கையில் இருந்த எனக்கு அது முழுதாகக் கேட்டது. அங்கே அவர் மிக மெல்லிய ஒலியில்தான் வாசித்தார்.

---

இரண்டாம் மேசை எழுதியது:

அந்த இடத்தில் நாங்கள் அவரைவிட மெல்லிய ஒலியில் வாசித்துக்கொண்டிருப்போம், ஐயா. ஹார்ன்காரர்கள் கருவியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்களா என்று கவனித்தீர்களா? அடுத்த முறை பீத்தோவனுக்குப் போனால் நடு அவையில், பத்தாவது வரிசையை ஒட்டிக் கிடைக்கிறதா என்று பாருங்கள். முன்வரிசை வேண்டாம், அங்கே வில்லின் உரசலும் கலைஞரின் மூச்சும்தான் முதலில் வந்து விழும்.